மரியோ கார்ட் 8 டீலக்ஸ்: கண்ட்ரோலரைக் கையில் வாங்கியதும் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

இந்த விளையாட்டை யாரிடம் கொடுத்தாலும் முதல் பத்து நிமிடம் சிரிப்பார்கள், பதினோராவது நிமிடத்தில் கேள்வி ஆரம்பிக்கும். நான் ஏன் கடைசியிலேயே போகிறேன், அந்த நீல ஷெல்லை யார் அனுப்பியது, இது எல்லாம் வெறும் அதிர்ஷ்டம்தானே என்று வரிசையாக வரும். என்னிடம் கேட்டவை, நானே திணறித் திணறித் தெரிந்துகொண்டவை எல்லாம் கீழே இருக்கின்றன. எங்கிருந்து வேண்டுமானாலும் படிக்கலாம்.

முதலில், இது என்ன விளையாட்டு?

நின்டெண்டோவின் கார்ட் பந்தய விளையாட்டு. முதல் மரியோ கார்ட் 1992-ல் வந்தது. எட்டாவது 2014-ல் வீ யூ கன்சோலுக்கு வந்தது, அதையே மெருகேற்றி 2017 ஏப்ரலில் ஸ்விட்ச் கன்சோலுக்கு டீலக்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். 6 கோடி பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டது. மரியோ, லூயிஜி, பீச், பௌசர், யோஷி என்று கார்ட்டூன் ஆட்கள் 12 பேர் ஒரே டிராக்கில் ஓட்டுவார்கள், வழியில் கிடக்கும் பெட்டிகளை இடித்தால் ஐட்டம் கிடைக்கும், அதை அடுத்தவர் தலையில் எறியலாம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்த அவ்வளவுதானுக்குள் எனக்கு சில நூறு மணி நேரம் போயிருக்கிறது.

இது சின்னப் பிள்ளைகள் விளையாட்டுதானே?

பார்க்க அப்படித்தான் இருக்கும். பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே பந்தயத்தில் ஓட்டலாம் என்பதும் நிஜம். ஆனால் 200 சிசி வேகத்தில் ஒரு கோப்பையை, அதாவது நான்கு பந்தயத் தொடரை, முடித்துவிட்டு வந்து அப்புறம் சொல்லுங்கள்.

சிசி என்று சொல்கிறார்களே, அது என்ன?

வேகத்தின் அளவு. 50, 100, 150, 200 என்று நான்கு படிகள், கூடவே மிரர் என்று ஒன்று. மிரர் என்றால் 150 சிசி வேகம்தான், டிராக் மட்டும் இடவலமாகப் புரண்டிருக்கும், பழகின வளைவு எதிர்ப்பக்கம் திரும்பும், கை தானாகத் தப்புப் பக்கம் போகும். டீலக்ஸில் எல்லா வேகமும் முதல் நாளே திறந்திருக்கும், எதையும் ஜெயித்துத் திறக்க வேண்டியதில்லை. புதிதாக வருபவர்களுக்கு என் யோசனை: 50-ஐ ஒரு கோப்பையோடு முடித்துவிட்டு 100-க்குப் போய்விடுங்கள். 50 சிசியில் ரொம்ப நாள் இருந்தால் டிரிஃப்ட் (வளைவில் சறுக்கித் திரும்புவது) செய்யாமலே ஜெயிக்கப் பழகிவிடுவோம், அந்தப் பழக்கம் பின்னால் நம்மையே கடிக்கும்.

எந்த மோடில் ஆரம்பிப்பது?

கிராண்ட் பிரீ. ஒரு கோப்பைக்கு நான்கு பந்தயம். முதலிடத்துக்கு 15 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 12, மூன்றாமிடத்துக்கு 10, அப்புறம் ஒவ்வொன்றாகக் குறைந்து பன்னிரண்டாவது ஆளுக்கு 1. நான்கிலும் முதலிடம் வந்தால் 60. இந்தக் கணக்கைக் கவனியுங்கள்: முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் நடுவில் மட்டும் 3 புள்ளி இடைவெளி. அதனால் மூன்று பந்தயத்தில் முன்னால் இருந்துவிட்டு நான்காவதில் கொஞ்சம் சறுக்கினாலும் கோப்பை பெரும்பாலும் கையை விட்டுப் போகாது. ஒரு பந்தயம் கெட்டுப்போனால் மெனுவுக்குப் போய் மறுபடி ஆரம்பிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

விஎஸ் ரேஸ் என்பது நம் இஷ்டத்துக்கு அமைத்துக்கொள்வது. எத்தனை பந்தயம், எந்த டிராக், கணினி ஆட்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள், ஐட்டம் என்னென்ன வரலாம், அணியாகவா தனியாகவா என்று எல்லாம் மாற்றலாம். வெறும் வாழைப்பழம் மட்டும், வெறும் குண்டு மட்டும் என்றுகூட வைக்கலாம். நான்கு பேர் உட்கார்ந்திருக்கும்போது குண்டு மட்டும் வைத்துப் பாருங்கள், யார் ஜெயித்தார்கள் என்று யாருக்கும் நினைவிருக்காது.

எல்லோரும் டிரிஃப்ட் டிரிஃப்ட் என்கிறார்கள். வளைவில் திரும்பினால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஆர் பட்டனைத் தட்டினால் கார்ட் ஒரு சின்னத் துள்ளல் துள்ளும். துள்ளும்போதே ஸ்டிக்கை ஒரு பக்கம் சாய்த்து, ஆர் பட்டனை விடாமல் பிடித்தால் கார்ட் சறுக்க ஆரம்பிக்கும். சக்கரத்தைப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் நீலப் பொறி பறக்கும், இன்னும் பிடித்தால் ஆரஞ்சு, அதற்கும் மேல் பிடித்தால் ஊதா. பட்டனை விட்டதும் பின்னால் யாரோ தள்ளிவிட்ட மாதிரி ஓர் உந்தல் கிடைக்கும், அதன் பெயர் மினி டர்போ. நீலத்துக்குச் சின்ன உந்தல், ஊதாவுக்குப் பெரிய உந்தல். சறுக்கும்போது ஸ்டிக்கை வளைவின் உள்பக்கமாக அழுத்திப் பிடித்தால் நிறம் சீக்கிரம் மாறும், வெளிப்பக்கம் தளர்த்தினால் மெதுவாக மாறும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஆடிக்கொண்டே கார்ட்டைக் கோட்டில் வைத்திருப்பதுதான் மொத்த வித்தையும்.

பழக பேபி பார்க் டிராக்கை எடுங்கள். முட்டை மாதிரி ஒரு சின்ன டிராக், மற்றவற்றில் 3 லேப் (சுற்று) என்றால் இதில் மட்டும் 7 லேப். இரண்டு நேர் பாதை, இரண்டு திருப்பம், வேறொன்றும் கிடையாது. முதல் லேப்பில் திருப்பம் வந்த பிறகு டிரிஃப்ட்டை ஆரம்பிப்பீர்கள், கார்ட் வெளிச்சுவர் பக்கம் அடித்துக்கொண்டு போகும். இரண்டாவது லேப்பில் திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே துள்ளுங்கள், மூக்கு உள்பக்கம் திரும்பியிருக்கும். மூன்றாவது, நான்காவது லேப்பில் திருப்பம் முடியும்போது ஆரஞ்சு வந்திருக்கும், நேர் பாதை முழுக்க அந்த உந்தலிலேயே போவீர்கள். ஏழாவது லேப்பில் பொறியைக் கண்ணால் பார்க்க வேண்டியே இருக்காது, சத்தத்திலேயே தெரிந்துவிடும். எனக்கு இது புரிய ஒரு மாதம் ஆனது, அதுவரை ஐட்டத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதே ஆர் பட்டனை மேட்டின் விளிம்பில் தட்டினால் காற்றில் ஒரு வித்தை காட்டும், தரையில் இறங்கியதும் அதற்கும் ஓர் உந்தல். சின்ன மேடு, பாலத்தின் முனை, எதையும் விடாதீர்கள். ஒரு லேப்பில் இப்படி ஐந்தாறு இடம் இருக்கும், தட்டுகிறவனுக்கும் தட்டாதவனுக்கும் வித்தியாசம் அங்கேயே விழும்.

ஆரம்பத்திலேயே சிலர் பாய்ந்து போகிறார்களே?

3, 2, 1 எண்ணும்போது 2 திரையில் வந்ததும் ஏ பட்டனை அழுத்திப் பிடியுங்கள். ரொம்ப முன்னால் அழுத்தினால் சக்கரம் சுழன்று புகை வந்து நின்றுவிடும்.

காயின் எதற்கு?

ஒவ்வொரு காயினுக்கும் உச்ச வேகம் கொஞ்சம் கூடும், 10 வரைக்கும் கணக்கு. அடி வாங்கினாலோ பள்ளத்தில் விழுந்தாலோ மூன்று போகும். அதனால் முதல் லேப்பில் முந்துவதைவிட பத்துக் காயினைச் சேர்ப்பதுதான் முக்கியம் என்பேன். விழுந்தவரை மேகத்தில் உட்கார்ந்திருக்கும் லாகிட்டு தூக்கி வந்து விடுவார், நல்ல மனிதர், ஆனால் காயினைத் திருப்பித் தரமாட்டார். (மனிதர் என்று சொல்லக்கூடாது, ஆமை.)

முதலிடத்தில் இருக்கும்போது எனக்கு மட்டும் ஏன் காயினும் வாழைப்பழமும்?

அது சதி இல்லை, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. முதலில் போகிறவரிடமிருந்து நீங்கள் எவ்வளவு தூரம் பின்னால் இருக்கிறீர்களோ அதற்குத் தக்க பலமான ஐட்டம் வரும். முன்னால் இருப்பவருக்குக் காயின், வாழைப்பழம், நேராக ஓடும் பச்சை ஷெல் (ஷெல் என்றால் ஆமையோடு). நடுவில் முன்னால் போகிறவரைத் துரத்தும் சிவப்பு ஷெல், சட்டென்று உந்தல் தரும் மஷ்ரூம். ரொம்பப் பின்னால் இருப்பவருக்கு எதுவும் தாக்க முடியாமல் காக்கும் நட்சத்திரம், மின்னல், தானே ஓட்டிக்கொண்டு போகும் புல்லட் பில். மின்னலை அடித்தால் மற்ற எல்லோரும் குட்டியாகிவிடுவார்கள், கையில் வைத்திருந்ததும் கீழே விழும்.

இதில் கவனிக்க வேண்டியது தூரம்தான், இடம் இல்லை. கூட்டமாக ஒட்டிப் போகும்போது எட்டாவது இடத்தில் இருந்தாலும் சாதாரண ஐட்டம்தான் வரும். ஆன்லைனில் சிலர் இதைத் தெரிந்துகொண்டு வேண்டுமென்றே பின்தங்கி, நட்சத்திரமும் புல்லட்டும் சேர்த்துக்கொண்டு குறுக்குவழியில் பாய்ந்து வருவார்கள். தப்பில்லை, விதிக்குள்தான் செய்கிறார்கள். எனக்குத்தான் பொறுமை போதாது.

நீல ஷெல்லுக்கு என்னதான் வழி?

எல்லோரும் கேட்பது இதுதான். நீல ஷெல் முதலிடத்தில் போகிறவரைத் தேடிப் போகும். இந்த விளையாட்டில் அதற்கு இறக்கை கிடையாது, தரையோடு ஓடி வரும், வழியில் நடுவில் மாட்டிக்கொண்டவர்களையும் தள்ளிவிட்டு வரும். முதலாமவரை அடைந்ததும் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, இறங்கி வெடிக்கும்.

வழிகள் உண்டு. சுற்றிலும் சத்த அலை எழுப்பும் சூப்பர் ஹார்ன் ஐட்டம் கையில் இருந்தால் அது கிட்டே வந்ததும் அடியுங்கள், உடைந்துவிடும். மஷ்ரூம் இருந்தால் அது இறங்கும் அந்த நொடியில் போட்டால் தப்பிக்கலாம், ஆனால் நேரம் துளி பிசகக்கூடாது, பத்துக்கு எட்டு முறை நான் தவறவிடுவேன். மூன்றாவது வழி கொஞ்சம் அற்பமானது: ஷெல் வருவது தெரிந்ததும் பிரேக் போட்டு இரண்டாவது ஆளை முன்னால் அனுப்பிவிடுவது. அது உங்களைப் பிடிக்கும் முன் இடம் மாறினால் புது முதலாமவரைத் தேடிப் போகும். கடைசி லேப்பில், முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரியும்போது இப்படிச் செய்யத் துணிவு வேண்டும். ஒருமுறை நான் நின்றேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் சந்தோஷமாகக் கூவிக்கொண்டு என்னைத் தாண்டினான், இரண்டே வினாடியில் அவன் தலையில் வெடித்தது. அவன் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

மற்ற ஷெல்களுக்கு எளிய காப்பு ஒன்று உண்டு. வாழைப்பழமோ ஷெல்லோ கிடைத்தால் எல் பட்டனை விடாமல் அழுத்திப் பிடியுங்கள், அது கார்ட்டுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டே வரும், பின்னாலிருந்து வரும் சிவப்பு ஷெல் அதில் மோதி அழியும். கிடைத்ததும் எறிந்துவிடுகிற பழக்கம்தான் புதியவர்களின் பெரிய எதிரி. டீலக்ஸில் இரண்டு ஐட்டம் வரை வைத்துக்கொள்ளலாம், ஒன்றைப் பின்னால் தொங்கவிட்டு இன்னொன்றைச் சேமித்து வைக்கலாம். ஒரே எச்சரிக்கை: ‘பூ’ என்ற பேய் ஐட்டம் உங்கள் கையில் இருப்பதைத் திருடிக்கொண்டு போகும்.

அப்போ இது அதிர்ஷ்டம் இல்லையா?

ஒரு பந்தயத்தை அதிர்ஷ்டம் தீர்மானிக்கும். பத்துப் பந்தயத்தை டிரிஃப்ட்தான் தீர்மானிக்கும்.

யாரை எடுப்பது, எந்தக் கார்ட்?

பொதுவாகக் கனமானவர்களுக்கு உச்ச வேகம் அதிகம், ஆனால் நின்ற இடத்திலிருந்து வேகம் பிடிக்க நேரமாகும். லேசானவர்கள் சட்டென்று வேகம் பிடிப்பார்கள், ஆனால் பௌசர் இடித்தால் டிராக்குக்கு வெளியே போய் விழுவார்கள். கார்ட் தேர்வுத் திரையில் + பட்டனைத் தட்டினால் வேகம், முடுக்கம், எடை என்று கோடுகள் தெரியும். அதில் காட்டாத ஒன்றும் இருக்கிறது: மினி டர்போவின் பலம். அது அதிகமாக இருந்தால் டிரிஃப்ட் உந்தல் கூடுதல் நேரம் நிற்கும். நன்றாக ஓட்டுபவர்கள் அதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பைக்கிலும் இரண்டு வகை. ஸ்போர்ட் பைக்குகளில் டிரிஃப்ட் செய்தால் வளைவின் உள்பக்கமாகவே வெட்டித் திரும்பும், மற்றவை வெளிப்பக்கம் சறுக்கும். இந்த இரண்டில் ஒன்றைப் பழகிவிட்டு மற்றதற்கு மாறினால் ஒரு வாரம் சுவரில்தான் முட்டுவீர்கள். ஆரம்பத்தில் பிடித்த ஆளை எடுங்கள், கணக்கெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என் கார்ட் தானாகவே திரும்புகிறதே, பழுதா?

பழுதில்லை, ஸ்மார்ட் ஸ்டியரிங். கார்ட்டின் பின்னால் ஒரு சின்ன ஆன்டெனா தெரிகிறதா? தெரிந்தால் அது ஓடிக்கொண்டிருக்கிறது. முதன்முதலாக விளையாடும்போது தானாகவே ஆனில் இருக்கும், பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. டிராக்கின் ஓரத்துக்குப் போனால் உள்ளே இழுத்துவிடும், பள்ளத்தில் விழவிடாது. சின்னப் பிள்ளைகளுக்கு வரம். இதோடு தானாக முன்னே போகும் வசதியையும் போட்டுவிட்டால் நான்கு வயதுக் குழந்தைகூட முழுப் பந்தயத்தையும் முடித்துவிடும்.

ஆனால் பெரியவர்களுக்கு இது தடை. இது ஓடும்போது ஊதாப் பொறி வரவே வராது, சில குறுக்குவழிகளுக்குள்ளும் விடாது. பந்தயத்தை நிறுத்தி மெனுவிலேயே அணைத்துவிடலாம். முதல் நாள் நாலு தடவை விழுவீர்கள், பரவாயில்லை.

200 சிசியில் எல்லா வளைவிலும் விழுகிறேன்.

எல்லோரும் அப்படித்தான். இந்த வேகம் 2015-ல் வீ யூ பதிப்புக்கு இலவச அப்டேட்டாக வந்தது, டிராக்குகள் அதற்கு முன்பே வரைந்தவை, அதனால் வளைவுகள் இந்த வேகத்துக்குப் போதாது. அதுவரை யாரும் தொடாத பிரேக் பட்டனுக்கு இங்கேதான் வேலை வருகிறது. டிரிஃப்ட்டை விடாமலே பிரேக்கான பி பட்டனை விட்டு விட்டு, தட்டித் தட்டி அழுத்துங்கள், சறுக்கல் தொடரும், பொறியும் நிற்காது, வேகம் மட்டும் குறையும். அப்புறம் உந்தல் ஐட்டத்தை நேர் பாதையில் மட்டும் போடுங்கள். இது தெரிந்த பிறகு 150-க்குத் திரும்பினால் எல்லாம் தூக்கத்தில் நடக்கிற மாதிரி இருக்கும்.

டைம் டிரையல்ஸ் தனியாக ஓட்டுவது, அதில் என்ன சுகம்?

யாரும் எறியமாட்டார்கள், யாரும் இடிக்கமாட்டார்கள். கையில் மூன்று மஷ்ரூம், எதிரே வெறும் டிராக். 150 சிசியிலோ 200 சிசியிலோ நேரம் பிடிக்கலாம். கூடவே கோஸ்ட் ஒன்று ஓடும், அதாவது வேறொருவர் ஓட்டியதன் நிழல். நின்டெண்டோ ஆட்களே ஓட்டிப் பதிந்த கோஸ்டுகள் ஒவ்வொரு டிராக்குக்கும் உண்டு. அதன் பின்னாலேயே போனால் எங்கே துள்ளுகிறது, மஷ்ரூமை எந்தப் புல்வெளியைக் கடக்கப் போடுகிறது என்று தெரியும். சாதாரணமாகப் புல்லில் போனால் வேகம் செத்துவிடும், மஷ்ரூம் போட்டால் குறையாது, பாதிக் குறுக்குவழிகள் இந்த ஒரே விஷயத்தில்தான் நிற்கின்றன. எனக்குத் தெரிந்த குறுக்குவழிகளில் பெரும்பாலானவை கோஸ்டுகளிடம் கற்றவை.

பேட்டில் மோடில் எது நன்றாக இருக்கும்?

பேட்டில் என்பது பந்தயம் இல்லை, அரங்கத்துக்குள் ஒருவரோடொருவர் மோதுவது. ஐந்து வகை, எட்டு அரங்கம். பலூன் பேட்டிலில் ஆளுக்கு 5 பலூன், அடுத்தவர் பலூனை உடைத்தால் புள்ளி. உங்கள் பலூன் எல்லாம் போனால் புள்ளியில் பாதி போய்விடும், ஆனால் 3 பலூனோடு மறுபடி வரலாம், வெளியே உட்கார வேண்டியதில்லை. பாப்-ஆம் பிளாஸ்ட் அதேதான், ஐட்டம் எல்லாமே குண்டு. காயின் ரன்னர்ஸில் காயின் பொறுக்க வேண்டும், எனக்கு அலுப்பு. ஷைன் தீஃபில் ஷைன் என்ற ஒரே ஒரு ஒளிரும் பொருளை 20 வினாடி கையில் வைத்திருப்பவர் வெற்றி, எல்லோரும் ஒருவரைத் துரத்துவார்கள்.

என் ஓட்டு ரெனிகேட் ரவுண்டப்புக்கு. திருடன் போலீஸ். போலீஸ் கார்ட்டுகளின் முன்னால் பிரானா செடி வாயைப் பிளந்துகொண்டிருக்கும், கடித்தால் நேரே கூண்டுக்குள். வெளியே இருக்கும் திருடன் கூண்டின் கீழே இருக்கும் சாவிப் பொத்தானை ஓட்டி மிதித்தால் உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் விடுதலை. கடைசி இருபது வினாடியில் ஒரே ஒரு திருடன் மிச்சம் இருந்து, அவன் நான்கு போலீசுக்கு நடுவே புகுந்து பொத்தானை மிதித்துவிட்டால் அறையில் எழும் சத்தம் இருக்கிறதே, அதற்காகவே அணி பிரித்து விளையாடலாம்.

பேட்டிலில் மட்டும் இறகு என்று ஓர் ஐட்டம் வரும். உயரத் துள்ளி ஷெல்லைத் தாண்டலாம், எதிராளியின் மேல் பறந்து பலூனைத் திருடவும் செய்யலாம்.

எத்தனை பேர் சேர்ந்து விளையாடலாம்?

ஒரே திரையில் 4 பேர். இரண்டு பேர் வரைக்கும் படம் வினாடிக்கு 60 பிரேமில் ஓடும், மூன்று நான்கு பேர் ஆனால் 30 ஆகிவிடும், கூர்ந்து பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் இடிக்கும். ஆளுக்கொரு ஸ்விட்ச் இருந்தால் அருகருகே 8 பேர். ஆன்லைனில் 12 பேர், அதற்கு நின்டெண்டோவின் ஆன்லைன் சந்தா வேண்டும். ஒரே கன்சோலிலிருந்து இரண்டு பேர் ஆன்லைனுக்குப் போகலாம். தனி கண்ட்ரோலர் இல்லையென்றால் ஸ்விட்சின் இரு பக்கமும் இருக்கும் ஜாய்-கான் ஜோடியைப் பிரித்து ஆளுக்கு ஒன்றைக் குறுக்காகப் பிடித்துக்கொள்ளலாம், கை பெரியவர்களுக்கு அரை மணியில் வலிக்கும்.

ஆன்லைனில் 1000 புள்ளி மதிப்பீட்டோடு ஆரம்பிப்பீர்கள், ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும். முதல் சில நாள் அந்த எண்ணைப் பார்க்காதீர்கள்.

தங்க மரியோ, தங்கக் கிளைடர் எல்லாம் எப்படி?

ஆட்களில் பூட்டியிருப்பது தங்க மரியோ மட்டும்தான். 200 சிசியில் அடிப்படைக் கோப்பைகள் 12-லும் முதலிடம் வந்தால் கிடைப்பார். தங்கக் கிளைடருக்கு (காற்றில் பறக்கும்போது கார்ட்டின் மேல் விரியும் இறக்கை) 10,000 காயின் சேர்க்க வேண்டும், ஓட்டிக்கொண்டே இருந்தால் ஒருநாள் தானாக வரும். தங்கச் சக்கரம்தான் கஷ்டம், 150 சிசியில் நின்டெண்டோ கோஸ்டுகளைத் தோற்கடிக்க வேண்டும். வேகம் ஒன்றும் பெரிதாகக் கூடாது, எல்லாம் பெருமைக்குத்தான்.

பூஸ்டர் கோர்ஸ் பாஸ் வாங்கலாமா?

அடிப்படையில் 48 டிராக். பாஸ் இன்னும் 48 சேர்த்து 96 ஆக்குகிறது, 2022 மார்ச்சிலிருந்து 2023 நவம்பர் வரை ஆறு தவணையாக வந்தது, எட்டு ஆட்களும் கூடவே வந்தார்கள். பல டிராக்குகள் கைபேசிப் பதிப்பிலிருந்து வந்தவை, அடிப்படை டிராக்குகளின் நுணுக்கமான அழகு ஆரம்பத் தவணைகளில் இல்லை, புல்லைப் பார்த்தாலே தெரியும். முதல் 48-ஐயும் மனப்பாடமாக ஓட்டிய பிறகு வாங்குங்கள். அதற்கு முன் வாங்கினால் எந்த டிராக்கையும் ஒழுங்காகப் பழகமாட்டீர்கள்.

மரியோ கார்ட் வேர்ல்ட் வந்துவிட்டதே, இன்னும் இதை விளையாடுவதா?

வேர்ல்ட் 2025 ஜூனில் ஸ்விட்ச் 2-வுக்கு மட்டும் வந்தது. 24 பேர் ஓட்டலாம், டிராக்குகள் எல்லாம் ஒரே பெரிய உலகில் சாலைகளால் இணைந்திருக்கின்றன, சும்மா சுற்றவும் செய்யலாம். அதில் நாக்அவுட் டூர் என்று ஒரு மோடு, ஒவ்வொரு கட்டத்திலும் கடைசி நான்கு பேர் வெளியே, கடைசியில் நான்கு பேர் மட்டும் மோதுவார்கள். அது அருமை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது வந்தபோது பேட்டிலில் பலூனும் காயினும் மட்டும்தான் இருந்தன, என் திருடன் போலீஸ் அங்கே இல்லை. பழைய ஸ்விட்ச்தான் இருக்கிறது என்றால் கேள்வியே இல்லை, டீலக்ஸ்தான். ஸ்விட்ச் 2 இருந்தால் டீலக்ஸ் அதிலும் ஓடும். நான் இரண்டையும் வைத்திருக்கிறேன், நண்பர்கள் வரும் நாளில் மட்டும் டீலக்ஸ் உள்ளே போகும்.